இல்லாத லிஃப்ட்

எங்கள் மண்டபத்தில் லிஃப்ட் கிடையாது. இதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஒரு விஷயத்தை நேராகச் சொல்லாமல் விட்டதால்தான் அந்த வருஷம் முழுக்க எனக்குத் தலைவலி.

திருத்தணி மலை அடிவாரத்தில், படிக்கட்டுக்குப் போகிற வழியில் ஒரு தெருவுக்குள் இருக்கிறது மண்டபம். போர்டில் கல்யாண மண்டபம் என்று இருந்தாலும் கல்யாணம் எப்போதாவது ஒன்றுதான். மலையில் குழந்தைக்கு மொட்டை போட்டுவிட்டு இறங்குகிறவர்களுக்குக் குளிக்க, காது குத்த, சொந்தக்காரர்களுக்குச் சாப்பாடு போட ஒரு இடம் வேண்டும். அதற்குத்தான் நாங்கள். கீழே சமையல்கட்டும் சாப்பாட்டு ஹாலும், மாடியில் விழா ஹால், பின்பக்கம் நாலைந்து ரூம்கள். என் மாமனார் கட்டியது. பாகம் பிரித்தபோது நிலம் அண்ணனுக்கு, மண்டபம் தம்பிக்கு என்று ஆனது. அந்தத் தம்பியைத்தான் நான் கட்டிக்கொண்டேன். பேர் அவருடையது, சாவிக்கொத்து என் இடுப்பில். தண்ணீர் லாரி வராவிட்டால் சண்டை போடுவதும் நான், சமையல்காரர் கோபித்துக்கொண்டு போனால் திரும்ப அழைத்து வருவதும் நான். எனக்கு வேறு வேலை தெரியாது, வேறு வேலை பிடிக்கவும் பிடிக்காது.

பைபாஸ் பக்கம் கண்ணாடி வைத்த பெரிய மண்டபங்கள் வந்த பிறகு எங்களுக்குக் கூட்டம் குறைந்தது. முகூர்த்த நாளில்கூட மாடி ஹாலில் புறா நடந்தது. அப்போதுதான் பாவா வர ஆரம்பித்தார். என் கணவரின் அண்ணனை நான் பாவா என்றுதான் கூப்பிடுவேன், எங்கள் பக்கம் தெலுங்கு கலந்த முறை அது. அவர் மகன் செல்போன் ஷோரூம் வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தான்.

"கீழ் ஹாலை அவனுக்குக் குடுத்துடேன்டா. சும்மாதான் கெடக்குது. மாச வாடகை வந்துகினு இருக்கும், உனக்கும் நிம்மதி. இன்னா சொல்ற?" என்றார்.

கீழ் ஹால் போனால் சாப்பாடு போட இடம் கிடையாது. சாப்பாடு போட இடம் இல்லாத மண்டபத்துக்கு யார் வருவார்கள்? இது என் கணவருக்கும் தெரியும். அவருக்கும் அதைக் கொடுக்க மனசில்லை. ஆனால் அவர் சொன்னது, "பார்க்கலாம்ணா."

"ஆடிக் கிருத்திகை முடியட்டும், வேலையை ஆரம்பிச்சிடலாம்" என்று பாவா சந்தோஷமாக எழுந்து போனார்.

இங்கே என் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் வாயில் 'இல்லை' என்ற சொல் வராது. சுப காரியம் நடக்கிற இடத்தில் அந்தச் சொல் காதில் விழக்கூடாது என்பது அவருடைய நைனா போட்ட சட்டம். மாமனார் போய்ச் சேர்ந்தும் சட்டம் போகவில்லை. கேட்ட தேதி காலியாக இல்லையென்றால் "அந்தத் தேதி நெறஞ்சிருக்குங்க" என்பார். ஏசி உண்டா என்றால் "ஃபேன் காத்து ஜில்லுனு வரும்ங்க" என்பார். எதற்கும் வழி தெரியாவிட்டால் இருக்கவே இருக்கிறது, "வாங்க, பார்த்துக்கலாம்." நகரி, புத்தூர் பக்கத்திலிருந்து தெலுங்கில் கேட்டால் "ரண்டி, சூஸ்குந்தாம்." அதுவும் இதேதான். இதில் ஒரு விசேஷம், எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதெல்லாம் நன்றாகவே புரியும். "பார்த்துக்கலாம்" என்பதை அவர் எவ்வளவு இழுக்கிறார் என்பதை வைத்தே கேட்டது கிடைக்காது என்று தெரிந்துகொண்டு, அதற்குத் தகுந்தபடி ஏற்பாடு செய்துகொள்வார்கள்.

நானும் யோக்கியம் கிடையாது. சமையல்கட்டில் உப்பு தீர்ந்தால் "உப்பு நெறஞ்சிருக்கு" என்றுதான் சொல்வேன். விருந்தாளி வந்து காபி கேட்டால், பால் சொட்டு இருக்காது, "இருக்கு, உக்காருங்க" என்று சிரித்துவிட்டுப் பின்வாசல் வழியாகக் கடைக்கு ஓடுவேன். ஆனால் மண்டபத்தையே ஒருத்தர் கேட்கும்போது "பார்க்கலாம்" என்று சொல்கிற அளவுக்கு நான் போனதில்லை. அன்று ராத்திரிச் சாப்பாட்டில் உப்பு இருந்ததா இல்லையா என்று அவருக்குத் தெரிந்திருக்காது, நான் அவ்வளவு பேசினேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஆடிக்குள்ள புக்கிங் ஏறிடுச்சுன்னா அண்ணனே கேக்க மாட்டார்" என்றார். அண்ணனிடம் மறுக்க வேண்டிய வேலையை ஊர் உலகம் வந்து செய்துகொடுக்க வேண்டும் என்பது திட்டம்.

சரி, ஊர் உலகத்தை வரவழைப்போம் என்று நான் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனேன். ரயில்வே ஸ்டேஷன் ரோட்டில் ஜெராக்ஸ், பத்திரிகை டிசைன், வெப்சைட் என்று எல்லாம் செய்கிற சென்டர். அதை நடத்துகிறவள் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள், ஆர்.கே.பேட்டைக்காரி. வாய் அதிகம், வேலை சுத்தம். மண்டபத்துக்கு ஏற்கெனவே ஒரு வெப்சைட் இருந்தது. அதைத் திறந்து அவள் சத்தமாகப் படித்தாள்.

"முருகப்பெருமானின் திருவடி நிழலில், எழில் கொஞ்சும் சூழலில், தங்கள் இல்ல சுபநிகழ்வுகள் இனிதே நிகழ..." பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "இதை எந்த மனுசன்டி வாயால கேப்பான்?"

"வாயால ஏன் கேக்கணும்?"

"இப்ப யாரு டைப் பண்றாங்க? வண்டி ஓட்டிகினே போன்கிட்ட கேக்கறாங்க. திருத்தணில காது குத்த ஹால் எங்க இருக்கு, வெந்நீர் கெடைக்குமா, கார் நிறுத்த எடம் இருக்கா, இப்படி. போன் நாலு எடத்துல தேடி ஒரு பதிலை எடுத்துப் படிச்சிக் காட்டும். அந்த ஒரு பதில் உன் மண்டபத்துதா இருக்கணும். அதுக்கு அவங்க கேக்கற மாதிரியே கேள்வி இருக்கணும், மொதல் வரியிலயே பதில் இருக்கணும். எழில் கொஞ்சிகினு இருந்தா நடக்காது."

சொன்னது எனக்குச் சரியாகப் பட்டது. அவள் அடுத்து மேப்பைத் திறந்தாள். அங்கே எங்கள் மண்டபம் மலை உச்சியில், கோயில் கோபுரத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தது. கொஞ்ச நாளாகவே சிலர் கார் போட்டுக்கொண்டு மலைக்கு ஏறிப் போய், அங்கிருந்து போன் செய்து எங்களைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். காரணம் இப்போதுதான் தெரிந்தது. அந்தக் குறியை வைத்தது என் கணவர். வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "சாமி பக்கத்துல இருக்கட்டுமேன்னு வெச்சேன்" என்றார். திறந்திருக்கும் நேரம் என்ற இடத்தில் இருபத்து நாலு மணி நேரமும் என்று போட்டிருந்தார். மூடியிருக்கும் என்று எப்படிப் போடுவது, அபசகுனமாக இருக்காதா என்று என்னையே கேட்டார். விடியற்காலையில் எல்லாம் போன் ஏன் அடிக்கிறது என்று இத்தனை நாள் முருகனைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

குறியைக் கீழே இறக்கினோம். நேரத்தைத் திருத்தினோம். பிறகு நான் மண்டபத்து மேஜையில் உட்கார்ந்து, வருகிற போனையெல்லாம் நானே எடுத்து, ஜனங்கள் என்ன கேட்கிறார்கள், எந்த வார்த்தையில் கேட்கிறார்கள் என்று கவனித்தேன். யாரும் தங்கும் வசதி என்று கேட்கவில்லை, "ரூம் கெடைக்குமா" என்றுதான் கேட்டார்கள். "மொட்டை போட்டுட்டு வந்து குளிக்கலாமா", "நாங்களே ஆள் வெச்சி சமைச்சுக்கலாமா", "வெளியில சாப்பாடு ஆர்டர் பண்ணா உள்ள விடுவீங்களா." அதே கேள்விகளைப் பதிலோடு வெப்சைட்டுக்கு எழுத ஆரம்பித்தேன், அதற்கெல்லாம் பதில் சுலபம். நாங்கள் செய்து தருவது எதுவாக இருந்தாலும் என் கணவர் தாராளமாக ஒப்புக்கொண்டார்.

வம்பு வந்தது லிஃப்டில். வயசானவர்களைக் கூட்டி வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி அது. "லிஃப்ட் இருக்கா?" என்று கேள்வி போட்டு, கீழே "இல்லை" என்று எழுதிக் காட்டினேன்.

"இதை எடுத்துடு" என்றார்.

"லிஃப்ட் இல்லாததை இல்லன்னுதான் சொல்ல முடியும்."

"மண்டபத்துப் பக்கத்துல அந்த வார்த்தை வரக் கூடாதும்மா. நைனா இருந்திருந்தா..."

"உங்க நைனா காலத்துல நெட்டே கெடையாது."

"அதுக்காக? வாசல்ல கோலம் போடற மாதிரிதான் அதுவும். மொதல்ல அதைத்தான் பார்க்கறாங்க."

சாயங்காலம் வரைக்கும் இது நடந்தது. கேள்வியையே எடுத்துவிடலாம் என்றால் சென்டர்காரி விடவில்லை, அதிகம் பேர் கேட்கிற கேள்வி இல்லாவிட்டால் போன் வேறு மண்டபத்துக்குப் போய்விடும் என்றாள். கடைசியில் என் கணவரே ஒரு பதில் சொன்னார். "லிஃப்ட் இருக்கா? வாங்க, பார்த்துக்கலாம். வயசானவங்க மேல போறதுக்கு நல்ல ஏற்பாடு இருக்கு, ஒத்தாசைக்கு ஆளும் உண்டு." நல்ல ஏற்பாடு என்பது படிக்கட்டு ஓரத்தில் வைத்திருந்த பைப். ஆள் என்பது வாட்ச்மேன். எனக்குப் பேசிப் பேசித் தொண்டை கட்டிவிட்டது. எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று அப்படியே போடச் சொன்னேன்.

ஒரு வாரம் கழித்து, நான் போனை எடுத்து, "திருத்தணில மொட்டை போட்டுட்டு குளிக்க வெந்நீர் எங்க கெடைக்கும்" என்று கேட்டேன். போன் எங்கள் மண்டபத்துப் பெயரைச் சொன்னது. வெந்நீர் உண்டு என்றது. எனக்கு உண்மையிலேயே சிலிர்த்துவிட்டது. கார் நிறுத்துவதைக் கேட்டேன், அதையும் சரியாகச் சொன்னது. சமையல்காரரைக் கூப்பிட்டு அவரையும் கேட்கச் சொன்னேன். லிஃப்டைப் பற்றி மட்டும் யாரும் கேட்டுப் பார்க்கவில்லை. எங்களுக்குத்தான் லிஃப்ட் கிடையாது என்று தெரியுமே.

புக்கிங் வர ஆரம்பித்தது. மணவூரிலிருந்து ஒரு பெண் போன் செய்து, குழந்தைக்குக் காது குத்து என்று தேதி கேட்டாள், சாப்பாட்டில் என்னென்ன என்று கேட்டாள், பேசி முடித்தாள். லிஃப்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் கேட்கப் போகிறாள், அதைத்தான் போன் சொல்லிவிட்டதே.

அந்த நாள் காலையில் இரண்டு வேனில் வந்து இறங்கினார்கள். மலையில் மொட்டை போட்டு, சந்தனம் பூசி, குழந்தை உற்சாகமாக இருந்தது. மாடி ஹாலில் பூ அலங்காரம் முடிந்து, காது குத்தும் பத்தர் ஊசியோடு தயாராக உட்கார்ந்திருந்தார். பின்னாலேயே ஒரு ஆட்டோ வந்தது. அதிலிருந்து ஒரு மடக்கு வீல்சேரை இறக்கி விரித்தார்கள். பிறகு ஒருத்தரைத் தூக்கி அதில் உட்கார வைத்தார்கள். முப்பது வயசுதான் இருக்கும். பட்டு வேட்டி, புதுச் சட்டை, கையில் தாய்மாமன் சீர்த்தட்டு. பைக்கில் போகும்போது லாரி இடித்து இடுப்புக்குக் கீழே போய்விட்டது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

அவர் ஹாலைச் சுற்றிப் பார்த்துவிட்டு என் கணவரிடம் கேட்டார். "லிஃப்ட் எந்தப் பக்கம்ங்க?"

என் கணவர் கையைக் கூப்பினார். "வாங்க வாங்க, பார்த்துக்கலாம்."

தாய்மாமன் மறுபடியும் கேட்டார். என் கணவர் மறுபடியும் பார்த்துக்கலாம் என்றார், இந்த முறை நன்றாகவே இழுத்து. நான் குறுக்கே வந்து, லிஃப்ட் கிடையாதுங்க என்றேன். குழந்தையின் அம்மா, அந்த மணவூர்ப் பெண், கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். எங்கள் எல்லோர் முன்னாலும் மண்டபத்துப் பெயரைச் சொல்லி, லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்டாள். போன் அழகாகப் பதில் சொன்னது.

"ஆமாம். இந்த மண்டபத்தில் வயதானவர்கள் மாடிக்குச் செல்ல லிஃப்ட் வசதி உள்ளது. உதவிக்கு ஆட்களும் இருக்கிறார்கள்."

போனில் வந்த பெண் குரல் அவ்வளவு மரியாதையாக, அவ்வளவு நிச்சயமாகச் சொன்னது. நேரில் வந்திருந்தால் முடியைப் பிடித்திருப்பேன். நாங்கள் சுற்றி வளைத்து எழுதியதை அது படித்து, நல்ல ஏற்பாடு என்றால் வேறு என்னவாக இருக்கப் போகிறது என்று அதுவாகவே முடிவு செய்திருக்கிறது. இழுத்துச் சொன்னால் அர்த்தம் வேறு என்பது அதற்கு எப்படித் தெரியும்? அது நகரியில் பிறந்ததா, அரக்கோணத்தில் வளர்ந்ததா?

"இவரு மேல போவணும்னுதான் இந்த மண்டபமே புடிச்சோம்" என்றாள் அந்தப் பெண். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். "பைபாஸ்ல ஒண்ணு பார்த்தோம். அங்க லிஃப்ட் கெடையாதுன்னு சொல்லிட்டாங்க. அதான் இங்க வந்தோம்."

வாட்ச்மேனும் இன்னும் இரண்டு பேரும் வீல்சேரோடு தூக்கலாம் என்று வந்தார்கள். தாய்மாமன் கையை நீட்டித் தடுத்தார். "வேணாம்ங்க. எங்க போனாலும் மூட்டை மாதிரி தூக்கறாங்க. இன்னிக்கி ஒரு நாள், மாமனா நானே மேல போவணும்னு நெனச்சேன்." பிறகு என் கணவரைப் பார்த்து, கோபமே இல்லாமல் கேட்டார். "இல்லன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு இன்னாங்க? நாங்க இன்னா தப்பாவா நெனச்சிருப்போம்?"

நான் அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் காது குத்த முடியாது, மடி இருப்பதோ கீழே. சமையல்கட்டுக்குள் போய், பரிமாறுகிறவர்கள் எல்லோரையும் வெளியே இழுத்தேன். சாப்பாட்டு ஹாலில் போட்டிருந்த இலைகளைச் சுருட்டி எடுத்தோம், மேஜைகளைச் சுவரோரம் தள்ளினோம். மாடியிலிருந்து பூ அலங்காரத்தைப் பிய்த்துக்கொண்டு வந்து சாம்பார் அண்டா இருந்த பக்கத்துச் சுவரில் கட்டினோம். பத்தர் முணுமுணுத்துக்கொண்டே இறங்கி வந்தார். மாடியில் உட்கார்ந்திருந்த கிழவிகள், ஏறினதே பெரும்பாடு, இப்போ எறங்கணுமா என்று என்னைப் பேசினார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன். வீல்சேரில் உட்கார்ந்தபடியே அவர் குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டார். ஊசி இறங்கியதும் அது கத்திய கத்தல் சமையல்கட்டு வரை கேட்டது. அவர் அதன் மொட்டைத் தலையில் கன்னத்தை வைத்து, "ஆயிடுச்சு, ஆயிடுச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அவர்கள் போன பிறகு நான் என் கணவரிடம் ஒன்றும் பேசவில்லை. பேசினால் நிறுத்த மாட்டேன் என்று எனக்கே பயமாக இருந்தது. சாயங்காலம் அவராகவே வந்து, "நெட்ல அதை மாத்திடு" என்றார். "இல்லன்னே போடு. நான் பார்க்கல."

அன்றைக்கே மாற்றினோம். "லிஃப்ட் இருக்கா? இல்லை. மாடி ஏற முடியாதவர்கள் இருந்தால் விழாவைக் கீழ் ஹாலிலேயே வைத்துக்கொள்ளலாம்." சென்டர்காரி அதைப் பெரிய எழுத்தில் போட்டாள். இத்தோடு விட்டது என்று நினைத்தேன். மறுநாள் போனிடம் கேட்டேன். "ஆமாம். லிஃப்ட் வசதி உள்ளது" என்றது. அடுத்த வாரமும் கேட்டேன். ஆமாம் என்றது. நான் சென்டருக்குப் போய்க் கத்தினேன்.

"ஏன்டி, அது பழசையே புடிச்சிகினு இருக்குது?"

"அது நெனச்சாதான் திரும்ப வந்து படிக்கும். நாம இன்னா கையப் புடிச்சா இழுத்துகினு வர முடியும்? கொஞ்ச நாள் போவட்டும்."

"அது வர்ற வரைக்கும் நான் இன்னா பண்றது?"

"வாயால சொல்லு" என்றாள், பத்திரிகை டிசைனிலிருந்து தலையைத் தூக்காமல்.

அதுதான் நடந்தது. ஆடி நெருங்க நெருங்க போன் அடித்துக்கொண்டே இருந்தது, கேட்டவர்களில் பாதிப் பேர், "உங்க மண்டபத்துல லிஃப்ட் இருக்காமே" என்றுதான் ஆரம்பித்தார்கள். நான் என் கணவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். லிஃப்ட் இல்லை என்று அவர் வாயால், அந்தச் சொல்லாலேயே சொல்லாமல் ஒரு புக்கிங்கும் எழுதக் கூடாது, எழுதினால் சாவிக்கொத்தை அவர் இடுப்பில் சொருகிவிட்டு நான் கே.ஜி.கண்டிகையில் இருக்கும் என் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன்.

முதல் முறை அவர் சொன்னதைப் பார்க்க வேண்டும். போனைக் காதில் வைத்துக்கொண்டு எழுந்து, செருப்பு மாட்டி, மண்டபத்து வாசலைத் தாண்டித் தெருவில் போய் நின்று, மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "லிஃப்ட்... இல்லைங்க" என்றார். அதற்குள் அந்தப் பக்கம் கட்டாகிவிட்டிருந்தது. அடுத்தவருக்கு வாசலில் நின்று சொன்னார். பிறகு வராந்தாவில். நாள் ஆக ஆக வேலை அதிகமாகி, அத்தனை தடவை எழுந்து போக முடியாமல் மேஜையில் உட்கார்ந்தபடியே சொல்ல ஆரம்பித்தார். "இல்லைங்க. ஆனா கீழயே வெச்சுக்கலாம்." சொன்ன உடனே யாரும் போனை வைக்கவில்லை என்பதுதான் அவருக்கு ஆச்சரியம். முட்டி வலிக்காரர்கள் இல்லாத குடும்பம் ஏது? கீழேயே வைத்துக்கொள்ளலாம் என்றதும் நிறையப் பேர் அதையே கேட்டுப் பதிவு செய்தார்கள். நாங்கள் சாப்பாட்டைப் பின்பக்கத்துக் காலி இடத்தில் பந்தல் போட்டு மாற்றினோம். கீழ் ஹால் விழா ஹாலானது. எனக்குப் பூரிப்புக்கு நேரம் இல்லை, பந்தல்காரன் சொன்ன நேரத்துக்கு ஒரு நாள்கூட வந்ததில்லை.

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் கலைந்து, தெருவெல்லாம் காவடிப் பூ வாடிக் கிடந்த ஒரு காலையில் பாவா வந்தார். தனியாக வரவில்லை. கூட ஒரு கார்பெண்டர், அவர் கையில் டேப். "அந்தச் செவுத்துல இருந்து ஆரம்பிப்பா" என்று பாவா கையைக் காட்டினார். கார்பெண்டர் கீழ் ஹாலில் மண்டியிட்டு டேப்பை இழுத்தார். கண்ணாடி ஷெல்ஃப் எங்கே, கவுன்ட்டர் எங்கே என்று பாவா சொல்லிக்கொண்டே போனார். தம்பி பார்க்கலாம் என்று சொன்னதை அவர் இத்தனை மாதமும் சரி என்றே வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்தப் போன் செய்ததும் இதுதானே என்று எனக்கு அப்போது தோன்றியது. இத்தனை நாள் ஒரு மிஷினைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

நான் பேசியிருப்பேன். வாய் வரைக்கும் வந்துவிட்டது. பேசினால் அண்ணன் தம்பிக்கு நடுவில் வந்தவள் என்று காலத்துக்கும் பேர் நிற்கும், அதனால் சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேஜையில் போன் அடித்தது. என் கணவர் எடுத்தார். "ஆங், சொல்லுங்க. லிஃப்ட் இல்லைங்க. ஆங், கீழ ஹால்லயே பண்ணிக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டு, அதே மூச்சில், அதே குரலில், தலையைத் திருப்பி, "இல்லண்ணா" என்றார்.

பாவா நின்றார். "இன்னாடா?"

"ஷோரூமுக்குத் தர எனக்கு இஷ்டம் இல்லண்ணா. மண்டபத்தை நாங்களே நடத்திக்கறோம்."

கார்பெண்டர் கையிலிருந்து டேப் சர்ரென்று சுருண்டு உள்ளே போனது. பாவா தம்பியையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கோபப்படுவார், நைனாவை இழுப்பார், சாபம் விடுவார் என்று நான் எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன்.

"இதை மொதல்லயே சொல்றதுக்கு இன்னாடா?" என்றார் பாவா. அவர் முகத்தில் இருந்தது சுத்தமான எரிச்சல், வேறொன்றும் இல்லை. "பையன் பஜார்ல ஒரு எடம் பார்த்து வெச்சிருந்தான். சித்தப்பா தரேன்னுட்டாருன்னு நான்தான் அதை வேணாம்னு சொல்ல வெச்சேன். ஆடி முச்சூடும் சும்மா ஒக்காந்துகினு இருக்கான். இல்லன்னா இல்லன்னு சொல்லேன், நான் இன்னா கடிச்சா தின்னுடுவேன்?"

இதற்காகவா நான் இத்தனை மாதம் தூங்காமல் கிடந்தேன்? எனக்கு இரண்டு பேரையும் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. கண்ணில் தண்ணீரும் வந்துவிட்டது, அதை யாரும் பார்ப்பதற்குள் முந்தானையால் துடைத்துக்கொண்டேன்.

பாவா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கார்பெண்டரையும் உட்காரச் சொன்னார். எப்போதும் கேட்பது போல என் பக்கம் திரும்பி, "காபி இருக்காம்மா?" என்றார்.

பின்வாசலைப் பார்த்தேன். கடை தூரமில்லை. பழக்கத்தில் கால் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது, சிரிப்பும் தானாக முகத்துக்கு வந்துவிட்டது.

"பால் இல்ல பாவா" என்றேன்.